பயண டிரெய்லரில் குளிர் தாக்கும்போது: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீடான டிரெய்லரில் பல குளிர்காலங்களைக் கழித்திருக்கிறேன். பக்கத்தில் நிறுத்தியிருந்தவர்களின் டிரெய்லர்களைப் பார்க்க நள்ளிரவில் டார்ச்சோடு போயிருக்கிறேன். உள்ளே சூடு இல்லை என்றதும் எல்லாரும் ஃபர்னஸின் (டிரெய்லரில் பொருத்திய எரிவாயுச் சூடேற்றி) மேல்தான் பழியைப் போடுகிறார்கள். ஆனால் நான் பார்த்த பெரும்பாலான இரவுகளில் ஃபர்னஸ் நலமாகவே இருந்தது. அதற்குப் போய்ச் சேர வேண்டிய மின்சாரமோ எரிவாயுவோ காற்றோ குறைந்திருந்தது. இல்லையென்றால் அது கொடுத்த சூடு கூரை வழியாகவும் தரை வழியாகவும் வெளியேறிக்கொண்டிருந்தது. ஆகவே கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறியிலும் காசில்லாமல் பார்க்கக்கூடியதை முதலிலும், உதிரிபாகம் வாங்க வேண்டியதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். இந்த வரிசையை மாற்றாமல் போவது நல்லது.

கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர், சோப்புக் கரைசல் நிரப்பிய தெளிப்பான், ஈரப்பதமும் காட்டும் இரண்டு தெர்மாமீட்டர்கள் இருந்தால் போதும். ஒரு தெர்மாமீட்டரைப் படுக்கைக்கு அருகிலும் மற்றொன்றைத் தண்ணீர்க் குழாய்கள் ஓடும் அலமாரிக்குள்ளும் வையுங்கள். இரண்டாவது ஏன் தேவை என்பது குழாய் உறைவதைப் பற்றிய பகுதியில் விளங்கும்.

## எல்லாவற்றுக்கும் முன்: தலைவலி, குமட்டல், வாயு நாற்றம்

சூடேற்றி ஓடும்போது ஒருவருக்கேனும் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், காரணமில்லாத அசதி ஏற்பட்டாலோ, கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒலித்தாலோ, எந்தச் சோதனையும் செய்ய வேண்டாம். எல்லாரையும் எழுப்பி வெளியே அழைத்துச் செல்லுங்கள். அவசர உதவியை அழையுங்கள். சிலிண்டர் வால்வை வெளியிலிருந்து மூடுங்கள். இந்த வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. தூங்குகிறவர் அதை உணர்வதற்குள் எழுந்து நடக்கும் வலிமையை இழந்துவிடுவார்.

அழுகிய முட்டை போன்ற நாற்றம் வந்தால் அது புரொப்பேன் கசிவு. அந்த நேரத்தில் விளக்குச் சுவிட்சைப் போடவோ அணைக்கவோ கூடாது. கதவைத் திறந்துவிட்டு வெளியேறி, வால்வை மூடி, வாயு வேலைக்கு உரிமம் பெற்றவரை அழைக்க வேண்டும். புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ 1.5 மடங்கு கனமானது என்பதால் தரையோரம் தேங்கும். அதனால்தான் வாயுக் கசிவு அலாரத்தைத் தரைக்கு அருகில் பொருத்துகிறார்கள். அதன் முன்னால் பையையும் போர்வையையும் குவித்து வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் உணரி காலாவதியாகக்கூடியது. பெரும்பாலானவற்றின் ஆயுள் 5 முதல் 7 ஆண்டுகள். பொத்தானை அழுத்தினால் சத்தம் வருகிறது என்பதாலேயே உணரி வேலை செய்கிறது என்று கொள்ள முடியாது. பின்புறம் அச்சிட்டிருக்கும் தேதியை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

## அறிகுறி 1: தெர்மோஸ்டாட்டை உயர்த்தியும் எந்தச் சத்தமும் இல்லை

விசிறிகூட ஓடவில்லை என்றால் எரிவாயுவைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டியதில்லை. இது மின்சாரம் அல்லது தெர்மோஸ்டாட் தொடர்பான பிழை.

முதலில் தெர்மோஸ்டாட் 'சூடு' நிலையில் இருக்கிறதா, குறித்த வெப்பநிலை இப்போதைய அறை வெப்பநிலையைவிட 3 பாகையாவது கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். எண் காட்டும் வகையானால் அதற்குள் சிறு பேட்டரிகள் இருக்கக்கூடும். குளிரில் அவை முதலில் தளரும். நெம்புகோல் உள்ள பழைய வகையில் கோடியில் ஒரு சிறு 'நிறுத்து' நிலை இருக்கும்; துடைக்கும்போது கை பட்டு அது நகர்ந்துவிடுவது உண்டு.

அடுத்து 12 வோல்ட் ஃபியூஸ் பலகை. ஃபர்னஸின் ஃபியூஸைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதோடு விடாமல் மல்டிமீட்டரால் தொடர்ச்சியைச் சோதியுங்கள். பல ஃபர்னஸ்களில் வெளிப்புற மூடிக்குள்ளோ பக்கவாட்டிலோ தனியாக ஒரு சுவிட்சோ சிறு பிரேக்கரோ உண்டு. அது இருப்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் டிரெய்லரைப் பயன்படுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

### ஃபியூஸ் நல்லது, ஃபர்னஸ் முனையில் 12 வோல்ட் வருகிறது

தெர்மோஸ்டாட்டைச் சுவரிலிருந்து கழற்றி, அதன் இரண்டு 12 வோல்ட் கம்பிகளை ஒன்றோடொன்று தொடுங்கள். இந்தச் சோதனை இரண்டே கம்பிகள் உள்ள தெர்மோஸ்டாட்டுக்கு மட்டுமே பொருந்தும். குளிரூட்டியையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் பல கம்பி வகையில் செய்யாதீர்கள். விசிறி ஓடினால் தெர்மோஸ்டாட்தான் பழுது, மாற்றுவது எளிது. ஓடவில்லை என்றால் விசிறியின் ரிலேயோ மோட்டாரோ சர்க்யூட் போர்டோ காரணமாக இருக்கலாம். மோட்டாருக்கே நேராக மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் துணிவும் பழக்கமும் இல்லாதவர்கள் இங்கே நிறுத்திக்கொண்டு நிபுணரை அழைக்கலாம்.

### ஃபியூஸ் திரும்பத் திரும்ப எரிகிறது

பெரிய ஃபியூஸைப் போடாதீர்கள். மோட்டார் இறுகியிருக்கலாம், கம்பி எங்காவது உரசிப் பிய்ந்திருக்கலாம். இது நிபுணருக்கு உரிய வேலை.

## அறிகுறி 2: விசிறி ஓடுகிறது, ஆனால் வருவது குளிர்ந்த காற்று

அடிக்கடி வருவது இதுதான். தேவையில்லாமல் அதிகப் பணம் செலவாவதும் இங்கேதான். பிழையைக் கண்டுபிடிக்க ஃபர்னஸ் செய்யும் வேலைகளின் வரிசையைக் காதால் கேட்க வேண்டும். விசிறி வேகம் எடுக்கும். அதன் காற்று ஒரு மெல்லிய தகட்டைத் தள்ளி, செயில் சுவிட்ச் என்று சொல்லப்படும் சிறு சுவிட்சை மூடும். ஏறத்தாழ 15 முதல் 30 நொடிகளுக்குப் பிறகு வாயு வால்வு 'டொக்' என்று திறக்கும். அதோடு சேர்ந்து தீப்பொறி 'டிக் டிக்' என்று அடிக்கும். தீ பற்றியதும் மெல்லிய உறுமல் கேட்கும். எந்தச் சத்தத்தோடு வரிசை நின்றுபோகிறது என்பதை வெளிப்புற மூடிக்கு அருகில் நின்று கவனியுங்கள்.

### 'டொக்', 'டிக் டிக்' இரண்டுமே கேட்கவில்லை

செயில் சுவிட்ச் மூடவில்லை என்பதே பெரும்பாலும் பொருள். உடனே சுவிட்சை வாங்கப் போகாதீர்கள். விசிறி ஓடும்போது ஃபர்னஸின் மின்முனையில் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். பல தயாரிப்பாளர்கள் குறிப்பிடும் கீழ்வரம்பு 10.5 வோல்ட்; என் அனுபவத்தில் 11-க்குக் கீழே வந்தாலே சந்தேகப்பட வேண்டும். வோல்ட்டேஜ் குறைந்தால் விசிறி ஓடுவதுபோலத் தோன்றும்; ஆனால் தகட்டைத் தள்ளும் அளவுக்கு வேகம் இருக்காது. ஃபர்னஸ் பாதுகாப்புக்காகத் தீயைப் பற்றவைக்க மறுக்கிறது. அது அதன் கடமை.

பேட்டரி முனையில் 12.5 காட்டி ஃபர்னஸ் முனையில் 10.8 காட்டினால் இடைவழியில் எங்கோ இழப்பு. என் முதல் குளிர்காலத்தில் இதே அறிகுறிக்குச் சர்க்யூட் போர்டையே மாற்றினேன், பிழை போகவில்லை. சட்டத்தோடு பேட்டரியின் எதிர்முனையை இணைக்கும் போல்ட்டில் துரு பிடித்திருந்தது. கம்பித் தூரிகையால் தேய்த்து இறுக்கியதும் அன்றிரவே ஃபர்னஸ் பற்றியது. அந்தப் போர்டின் விலையை இன்றும் மறக்கவில்லை. அதனால்தான் தரை இணைப்பைச் சோதிக்காமல் ஒரு பாகத்தையும் வாங்காதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

வோல்ட்டேஜ் சரியாக இருந்தால், உள்ளே காற்றை இழுக்கும் கிரில் பைகளாலும் செருப்புகளாலும் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் செயில் சுவிட்ச்: நாய் முடியோ நூலோ தகட்டில் சுற்றிக்கொண்டு அதை நகர விடாமல் செய்வது வழக்கம். சுத்தம் செய்தாலே பல வேளைகளில் போதும். அதை நிரந்தரமாக ஒட்டி மூடிவிடுவதோ, கம்பியால் சுற்றிக் கடப்பதோ எக்காரணத்தாலும் கூடாது. போதிய காற்றோட்டம் இல்லாதபோது எரியாமல் தடுப்பதற்காகவே அது இருக்கிறது.

### 'டிக் டிக்' கேட்கிறது, தீ பற்றவில்லை

இப்போது வாயுவின் முறை. அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள். நீல நிறத்தில் நிமிர்ந்த தீ வந்தால் சிலிண்டரும் ரெகுலேட்டரும் ஓரளவு நலம். அடுப்பே பற்றவில்லை என்றால் சிலிண்டர் காலியாக இருக்கலாம். அல்லது வால்வை வேகமாகத் திறந்ததால் மிகை ஓட்டத்தைத் தடுக்கும் பாதுகாப்பு அமைப்பு அடைத்துக்கொண்டிருக்கலாம். வால்வை மூடி, ஒரு நிமிடம் பொறுத்து, மிக மெதுவாகத் திறங்கள். புதுச் சிலிண்டர் மாட்டிய பிறகு குழாயில் காற்று இருக்கும். அடுப்பில் ஒருமுறை தீ நிலைத்த பிறகே ஃபர்னஸை முயலுங்கள்.

அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே ஃபர்னஸைப் போடச் சொல்லுங்கள். ஃபர்னஸின் வால்வு திறந்ததும் அடுப்புத் தீ சட்டென்று சுருங்கினால் ரெகுலேட்டரால் தேவையான வாயுவைக் கொடுக்க முடியவில்லை. குளிரில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அறிகுறி 4-இல் சொல்கிறேன்.

அடுப்புத் தீ அசையாமல் இருந்தும் ஃபர்னஸ் பற்றவில்லை என்றால், வெளிப்புறக் காற்றுத் துளைகளையும் புகைபோக்கி வாயையும் டார்ச்சால் பாருங்கள். வெயில்காலத்தில் சும்மா நிற்கும் டிரெய்லர்களின் புகைவாயில் குளவிகள் மண்கூடு கட்டிவிடுகின்றன. புகைவாயைச் சுற்றிப் பனி குவிந்திருந்தாலும் இதே கதைதான்.

மூன்று முயற்சிகளுக்குப் பிறகு பல போர்டுகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். தெர்மோஸ்டாட்டை இறக்கி ஒரு நிமிடம் கழித்து உயர்த்தினால் பூட்டு விலகும்; ஆனால் காரணத்தைத் தேடாமல் பத்து முறை இப்படிச் செய்வது எரியாத வாயுவை உள்ளே சேர்ப்பதற்குச் சமம். தீப்பொறி முனையின் இடைவெளி, வாயு வால்வு, வாயு அழுத்த அளவீடு ஆகிய மூன்றும் நிபுணரின் வேலை.

### புகைவாயில் கரி படிந்திருக்கிறது

உடனே அணைத்துவிட்டு நிபுணரை அழையுங்கள். கரி என்றால் எரிதல் முழுமையாக இல்லை. முழுமையாக எரியாத இடத்தில் கார்பன் மோனாக்சைடு உருவாகும்.

## அறிகுறி 3: பற்றுகிறது, சற்று நேரத்தில் தீ அணைகிறது, விசிறி மட்டும் ஓடுகிறது

தீ பற்றிச் சில நொடிகளிலேயே அணைந்தால், தீ இருப்பதை உணரும் முனை அழுக்கடைந்திருக்கலாம் அல்லது அதன் தரை இணைப்பு தளர்ந்திருக்கலாம்.

பல நிமிடம் எரிந்த பிறகு அணைந்து, ஆறியதும் தானே மீண்டும் பற்றினால் ஃபர்னஸ் மிகையாகச் சூடாகிறது. வெப்ப வரம்பு சுவிட்ச் தலையிடுகிறது. மிக அதிகமாகக் காணப்படும் காரணம் டிரெய்லரின் உரிமையாளர் தாமே செய்தது: 'தேவையில்லாத அறைக்கு எதற்குச் சூடு' என்று இரண்டு மூன்று காற்றுவாய்களை மூடியிருப்பார். சூடு போக வழியில்லாமல் ஃபர்னஸுக்குள்ளேயே தேங்குகிறது. எல்லாக் காற்றுவாய்களையும் திறந்து, கிரில்லைக் காலி செய்து அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அப்படியும் அணைந்தால், சூடான காற்றைக் கொண்டுசெல்ல கட்டிலுக்கடியில் ஓடும் வளையும் குழாய் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் பிறகு வரம்பு சுவிட்ச்தான் மீதம். அது மலிவான பாகம், ஆனால் அதன் வெப்ப அளவு அந்த மாதிரிக்கு உரியதாகவே இருக்க வேண்டும்.

## அறிகுறி 4: முன்னிரவில் நன்றாக ஓடி, விடியற்காலையில் நின்றுவிடுகிறது

இரவின் மிகக் குளிர்ந்த நேரத்தில் கைவிடும் ஃபர்னஸ் பெரும்பாலும் பழுதடைந்ததல்ல. பேட்டரியோ சிலிண்டரோ அந்த நேரத்தில்தான் தன் எல்லையைத் தொடுகிறது. எது என்பதை அறிய ஒரே வழி, நின்ற கணத்திலேயே எழுந்து பார்ப்பது. காலை எட்டு மணிக்கு வெயில் ஏறிய பிறகு இரண்டும் நல்லவையாகவே காட்டும்.

### விளக்குகள் மங்கியிருக்கின்றன, விசிறி மெதுவாகச் சுற்றுகிறது: பேட்டரி

ஒரு கணக்கைப் பாருங்கள். விசிறி 7 ஆம்பியர் எடுக்கிறது, 12 மணி நேர இரவில் பாதி நேரம் ஓடுகிறது என்றால் 42 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் பேட்டரி கெடாமல் எடுக்கக்கூடியது ஏறத்தாழ 50. அதுவும் இதமான வெப்பநிலையில்தான். −18 பாகை செல்சியஸ் அளவில் அதன் கொள்ளளவு பாதியை ஒட்டி இறங்கிவிடும். ஆக, கோடையில் தாராளமாக இருந்த அதே பேட்டரி குளிர்காலத்தில் நள்ளிரவுக்குமேல் தாங்காது.

மாலையில் எந்தச் சுமையும் இல்லாமல் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 காட்டினால் ஏற்கெனவே பாதி போய்விட்டது. முனைகளைச் சுத்தம் செய்யுங்கள், ஈய அமில வகையானால் நீர்மட்டத்தைப் பாருங்கள். வெளி மின்சாரத்தோடு இணைத்திருந்தும் பேட்டரி தளர்கிறது என்றால் சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டரைச் சந்தேகிக்க வேண்டும்: இணைத்த நிலையில் பேட்டரி முனையில் 13-க்கு மேல் வர வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது; நல்ல பேட்டரியில் அதன் காவல் சுற்றே சார்ஜை மறுத்துவிடும். அதைப் பழுது என்று எண்ணித் திருப்பி அனுப்பிவிடாமல், பேட்டரியைச் சூடான உட்பகுதிக்கு மாற்ற வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

### விளக்குகள் பிரகாசமாக இருக்கின்றன, 'டிக் டிக்' கேட்டும் பற்றவில்லை: எரிவாயு

சிலிண்டரின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். பியூட்டேன் −0.5 பாகையை ஒட்டியே கொதிக்கிறது. அதற்குக் கீழே திரவமாகவே கிடக்கும், வாயுவாக வெளியே வராது. புரொப்பேன் −42 பாகைவரை ஆவியாகும். இவ்விரண்டும் கலந்த வாயு நிரப்பிய சிலிண்டர், உறைநிலை இரவுகளில் தூக்கிப் பார்த்தால் கனமாக இருந்தும் வாயு தராமல் போவதற்கு இதுவே காரணம்.

புரொப்பேனே ஆனாலும், கடுங்குளிரில் கால் பங்கு மட்டுமே மீந்திருக்கும் சிறிய சிலிண்டரால் பெரிய ஃபர்னஸின் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாது. திரவம் ஆவியாகும்போது தன்னையே குளிர்வித்துக்கொள்கிறது. திரவம் குறையக் குறைய வெளியிலிருந்து சூடு வாங்கும் பரப்பும் குறைகிறது. ஆகவே கடும் இரவுக்கு முன் நிறைந்த சிலிண்டரை மாட்டிவிட்டு, பாதியானதைப் பகலுக்கு ஒதுக்குங்கள். 9 கிலோ புரொப்பேனில் ஏறத்தாழ 125 கிலோவாட்-மணி ஆற்றல் உண்டு. 9 கிலோவாட் அளவுள்ள ஃபர்னஸ் இடைவிடாமல் ஓடினால் 14 மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

ரெகுலேட்டரில் வெண்பனி படிந்து அழுத்தம் விழுந்திருந்தால், வாயுவோடு வந்த ஈரம் உள்ளே உறைந்திருக்கக்கூடும். அதன் காற்றுத்துளை கீழ்நோக்கி இருக்க வேண்டும், மூடி பனியையும் மழையையும் தடுக்க வேண்டும். தீயாலோ கொதிநீராலோ சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் சூடேற்ற முயலக் கூடாது. உறைவது தொடர்ந்தால் ரெகுலேட்டரை மாற்றுவதே வழி. மாற்றிய பின் சோப்புக் கரைசலால் கசிவைச் சோதியுங்கள். அழுத்தத்தைத் திருகித் திருத்துவது அளவுகோல் வைத்திருக்கும் நிபுணரின் வேலை.

## அறிகுறி 5: ஃபர்னஸ் ஓயாமல் ஓடுகிறது, உள்ளே குளிர் குறையவில்லை

காற்றுவாயில் வரும் காற்று கை பொறுக்காத சூடாக இருந்தால் ஃபர்னஸ் தன் வேலையைச் செய்கிறது. இனி தேட வேண்டியது சூடு எங்கே போகிறது என்பதை.

காற்று வீசும் ஒரு மாலையில், புறங்கையை ஈரமாக்கிக்கொண்டு கதவின் ஓரங்கள், வெளியே நகரும் அறைப்பகுதியின் ரப்பர் விளிம்புகள், தண்ணீர்த் தொட்டிக்கடியில் குழாய்கள் தரையைத் துளைத்துப் போகும் இடங்கள், வெளி மின்கம்பி நுழையும் சிறு கதவு ஆகியவற்றின் அருகே நகர்த்துங்கள். குளிர்க் கீற்று எங்கே படுகிறதோ அங்கே நிறுத்துங்கள். குழாய்த் துளைகளை விரிவடையும் நுரையாலும், விளிம்புகளை ரப்பர் பட்டையாலும் அடைக்கலாம். செலவு மிகச் சிறியது, பலன் உடனே தெரியும்.

அடுத்து கூரைத் திறப்புகள். சூடு மேலேறும், அங்கே இருப்பதோ மெல்லிய பிளாஸ்டிக் மூடி. 35 சென்டிமீட்டர் சதுரத் திறப்புக்குப் பொருந்தும் தடித்த நுரை மெத்தையை உள்ளிருந்து செருகினால் படுக்கைக்கு மேலே விழும் குளிர் நின்றுவிடும். ஒன்றை மட்டும் எடுத்துவிடக்கூடிய நிலையில் வையுங்கள். காரணம் அறிகுறி 7-இல் இருக்கிறது.

ஜன்னல்களுக்கு, சுருங்கும் பிளாஸ்டிக் படலத்தைச் சட்டத்தில் ஒட்டிக் கண்ணாடிக்கும் அதற்கும் இடையே காற்று அடைபட வைப்பதை நான் எல்லாவற்றுக்கும் மேலாகப் பரிந்துரைக்கிறேன். ஒளி வருகிறது, வெளியே பார்க்க முடிகிறது, குளிரும் தடைபடுகிறது. பளபளப்பான தகட்டுப் படலத்தை எல்லா ஜன்னல்களிலும் ஒட்டி இருட்டறையாக்கிக்கொள்பவர்கள், சில நாட்களிலேயே மனம் சோர்ந்து அதைக் கழற்றிவிடுகிறார்கள். தப்பிக்கும் வழியாகக் குறிக்கப்பட்ட ஜன்னலை மட்டும் எப்போதும் திறக்கக்கூடியதாகவே விடுங்கள்.

பல நாள் ஒரே இடத்தில் நிற்பதானால் அடிப்பகுதியைச் சுற்றிப் பாவாடை போல மறைப்புக் கட்டுவது, செலவு கூடுதலானாலும், தரையின் குளிரை வேறு எதையும்விட நன்றாகக் குறைக்கும். தரைக்கடியில் காற்று ஓடுவதை அது நிறுத்துகிறது. ஆனால் ஃபர்னஸின் புகைவாயும் தண்ணீர்ச் சூடேற்றியின் புகைவாயும் மறைப்புக்குள் அகப்படக் கூடாது. ஜெனரேட்டர் ஓடினால் அதன் புகை மறைப்புக்கடியில் தேங்கித் தரை வழியாக உள்ளே வரும்.

கூரைக் குளிரூட்டியிலேயே உள்ள ஹீட் பம்ப்பை (வெளிக்காற்றிலிருந்து சூட்டை உள்ளே இழுக்கும் அமைப்பு) நம்பியிருப்பவர்களுக்கு: ஏறத்தாழ 4 பாகைக்குக் கீழே அது வேலை செய்யாது அல்லது தானே நின்றுவிடும். அது பழுதல்ல.

## அறிகுறி 6: ஒரு பக்கம் வேகிறது, மறுபக்கம் விறைக்கிறது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடைசிக் காற்றுவாயில் காற்று மெல்லியதாக வந்தால், இழுப்பறைகளை வெளியே எடுத்துவிட்டு வளையும் குழாயின் பாதையைப் பாருங்கள். அது இணைப்பிலிருந்து நழுவி அலமாரியின் அடிப்பகுதியைச் சூடாக்கிக்கொண்டிருப்பது சாதாரணம். தகடுப் பட்டையால் ஒட்டி, கவ்வியால் இறுக்குங்கள். தேவையற்ற சுருள்களை நேராக்குங்கள். தெர்மோஸ்டாட் காற்றுவாய்க்கு எதிரிலோ சமையல் அடுப்புக்கு அருகிலோ இருந்தால் அறை சூடாகும் முன்னே ஃபர்னஸை நிறுத்திவிடும். அதை இடம் மாற்றலாம்.

## அறிகுறி 7: ஜன்னலும் சுவரும் வியர்க்கின்றன, மெத்தையின் அடிப்புறம் ஈரமாக இருக்கிறது

உள்ளே இருப்பவர்களின் மூச்சு, சமையல், ஈரத் துணி ஆகியவற்றின் நீராவி, குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் நீராகிறது. ஈரப்பதமானியில் 40 முதல் 50 சதவீதம் இருக்கட்டும். 60-ஐத் தாண்டினால் பூஞ்சை காத்திருக்கிறது.

புகைபோக்கி இல்லாத எரிவாயு ஹீட்டரை உள்ளே வைத்திருக்கிறீர்களா என்பதே முதல் கேள்வி. 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீர் உருவாகிறது. அது முழுவதும் அறைக்குள்ளேயே சேர்கிறது. டிரெய்லரில் பொருத்திய ஃபர்னஸ் வெளிக்காற்றை இழுத்து எரித்துப் புகையை வெளியே அனுப்புவதால் இந்தத் தொல்லையைத் தருவதில்லை. புகைபோக்கி இல்லாத ஹீட்டரை எரியவிட்டுத் தூங்கவே கூடாது. சமையல் அடுப்பை அறையைச் சூடாக்கப் பயன்படுத்தவும் கூடாது.

குளிரில் ஜன்னலைத் திறக்கச் சொன்னால் எல்லாரும் என்னை வியப்போடு பார்க்கிறார்கள். ஆனால் ஒரு ஜன்னலை விரற்கடை அளவும், கூரைத் திறப்பு ஒன்றைச் சிறிதளவும் திறந்து வைத்தால் ஈரக்காற்று வெளியேறி வறண்ட காற்று உள்ளே வருகிறது.  சமைக்கும்போது பாத்திரத்தை மூடி விசிறியைப் போடுங்கள். மெத்தைக்கடியில் மரச்சட்டமோ காற்று ஓடும் விரிப்போ வைத்து அதைப் பலகையிலிருந்து உயர்த்துங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரிகளில் துணியைத் திணிக்காதீர்கள். கனமான திரைச்சீலை சூட்டைக் காக்கும். ஆனால் அதற்குப் பின்னால் கண்ணாடி இன்னும் குளிர்ந்து கூடுதலாக வியர்க்கும். காலையில் விலக்கித் துடைத்துவிடுங்கள்.

ஈரப்பதம் குறைந்த பிறகும் ஒரே இடத்தில் சுவர் மெத்தென்று அமுங்கினால் அது வியர்வையல்ல, கூரையிலிருந்தோ ஜன்னல் சட்டத்திலிருந்தோ நீர் கசிகிறது. உட்சட்டம் அழுகத் தொடங்கியிருக்கலாம். இதைத் தள்ளிப்போடாமல் நிபுணரிடம் காட்டுங்கள்.

## அறிகுறி 8: மின் ஹீட்டரைப் போட்டால் பிரேக்கர் விழுகிறது, பிளக் சூடாகிறது

1500 வாட் ஹீட்டர் 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியரும் 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியரும் எடுக்கும். 120 வோல்ட்டில் 15 ஆம்பியர் பிரேக்கரில் தொடர்ந்து ஓட்டக்கூடியது 12 ஆம்பியர்தான். ஆகவே ஹீட்டரைக் குறைந்த நிலையில் வையுங்கள். அதே சுற்றில் வேறு எதையும் ஓட்டாதீர்கள். மின்சாரத்தில் இயங்கும் தண்ணீர்ச் சூடேற்றியையும் மைக்ரோவேவையும் சேர்த்துப் போடும் நேரத்தில்தான் முதன்மைப் பிரேக்கர் விழும்.

அரை மணி நேரத்துக்குப் பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டின் பிடி தளர்ந்துவிட்டது. மெல்லிய எக்ஸ்டென்ஷன் கம்பியிலும் பல துளைப் பலகையிலும் ஹீட்டரை மாட்டக் கூடாது. பிளக் நிறம் மாறியிருந்தாலோ உருகியிருந்தாலோ பயன்பாட்டை நிறுத்தி மின்பணியாளரை அழையுங்கள்.

## அறிகுறி 9: உள்ளே கதகதப்பு, ஆனால் குழாயில் தண்ணீர் வரவில்லை

முன்னே சொன்ன இரண்டாவது தெர்மாமீட்டர் இதற்காகத்தான். பல டிரெய்லர்களில் ஃபர்னஸின் காற்று, தண்ணீர்த் தொட்டிகள் இருக்கும் அடிப்பகுதிக்கும் ஒரு கிளை வழியாகப் போகிறது. மின் ஹீட்டரை நடுக்கூடத்தில் ஓட்டினால் தெர்மோஸ்டாட் திருப்தியடைந்து ஃபர்னஸை அழைக்காமலே விட்டுவிடும். நீங்கள் இதமாகத் தூங்குவீர்கள், அடியில் குழாய் உறையும். வாயுவை மிச்சப்படுத்த எண்ணியவர்களுக்கு இப்படிக் குழாய் வெடித்ததை மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன். கடுங்குளிர் இரவில் மின் ஹீட்டரைக் குறைத்து, ஃபர்னஸ் மணிக்குச் சில முறையாவது ஓடும்படி விடுங்கள். அலமாரி தெர்மாமீட்டர் 4 பாகைக்குக் கீழே இறங்கினால் அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள்.

### எல்லாக் குழாய்களிலும் தண்ணீர் இல்லை

வெளியிலிருந்து வரும் ஹோஸ் உறைந்திருக்கும். அதைக் கழற்றி வடித்துவிட்டு, உள்தொட்டியை நிரப்பிப் பம்பைப் பயன்படுத்துங்கள். சூடேற்றும் கம்பி சுற்றிய ஹோஸ் இருந்தால் வசதி. அப்போதும் தரையிலுள்ள குழாய் முனையை மறந்துவிடாதீர்கள்.

### ஒரு குழாயில் மட்டும் இல்லை

உறைந்த இடம் அந்தக் கிளையில், பெரும்பாலும் வெளிச்சுவரை ஒட்டிய முழங்கை இணைப்பில் இருக்கும். பம்பை நிறுத்துங்கள். குழாய் வாயைத் திறந்து வைத்து, முடி உலர்த்தும் கருவியால் வாய்ப்பக்கத்திலிருந்து தொடங்கி உள்நோக்கிச் சூடேற்றுங்கள். உருகிய நீர் வெளியேற வழி இருக்க வேண்டும். தீயைக் காட்டவே கூடாது. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. வளையும் பிளாஸ்டிக் குழாய் அதைத் தாங்கிக்கொண்டாலும் இணைப்புகள் தாங்குவதில்லை. விரிசல் உருகிய பிறகுதான் தெரியும். ஆகவே பம்பைப் போட்டதும் எல்லா அலமாரிகளையும் டார்ச்சோடு பாருங்கள். யாரும் தண்ணீர் திறக்காதபோதும் பம்ப் அவ்வப்போது தானே இயங்கினால் எங்கோ கசிகிறது.

### கழிவுத் தொட்டியின் வால்வு அசையவில்லை

இழுத்து உடைத்துவிடாதீர்கள். வால்வை வெதுவெதுப்பான காற்றால் இளக்குங்கள். கழிவு வால்வை எப்போதும் திறந்து வைத்திருந்தால் மெல்லிய ஓட்டம் குழாயில் அடுக்கடுக்காக உறையும். மூடி வைத்து, தொட்டி நிறைந்ததும் ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். தொட்டியில் ஊற்றும் உறைவு தடுப்பி புரொப்பிலீன் கிளைக்கால் வகையாக இருக்கட்டும். காருக்குப் பயன்படும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. அடிப்பகுதி மூடிய டிரெய்லரில் தொட்டியே விரிசல் விட்டிருந்தால், அடித்தகட்டைக் கழற்றும் வேலையைத் தனியாகத் தொடங்காமல் நிபுணரிடம் கொண்டுபோங்கள். ஈரமான காப்புப் பஞ்சு முழுவதையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள், ஏனெனில் நனைந்த பஞ்சு அடுத்த உறைபனி இரவில் குழாய்களைக் காக்காது.